ஒரு பெயருக்கு ஓர் ஆள்

பிஷ்கெக், மாணவியர் விடுதி
12 அக்டோபர் 2003

அன்புள்ள அனார் அக்காவுக்கு,

அத்-பாஷியில் இப்போதே பனி விழுகிறது என்று ஓட்டுநர் ஜோல்தோஷ் சொன்னார். நீயும் மிர்பெக் அத்தானும் சுகமா? ஆடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டனவா? இங்கே நானும் உன் நாத்தனார் கெரெஸும் நன்றாக இருக்கிறோம். ஒரே அறை, இரண்டு கட்டில். அவள் குறட்டை விடுவாள் என்று உன் புகுந்த வீட்டில் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

விடுதியின் இரண்டாவது மாடியில் இருபது கணினி போட்டு இணையம் கொடுத்திருக்கிறார்கள். நீ படித்த வருடம் துணி காயப்போட்டதாகச் சொல்வாயே, அதே அறை. ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், ஒரு கடிதப்பெட்டி. அதற்கெல்லாம் காவல் அர்க்காதி பாக் என்கிற கொரியக்காரர். பன்னிரண்டு விதிகள் அச்சடித்த தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒருத்தியும் படிக்கவில்லை. அவர் எங்களைப் பார்த்துவிட்டு, "நாலாவதையாவது படிச்சுட்டுப் போங்கம்மா. ஒரு பேருக்கு ஒரு ஆள். உள்ள உக்காந்திருக்கறது யாருன்னு கம்பிக்குத் தெரியாது, எனக்குத் தெரியணும்" என்றார்.

என் பெயர் பட்டியலில் விட்டுப்போயிற்று. புது வருடத்துக்குப் பிறகுதான் சேர்ப்பார்களாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெரெஸ் சிரித்தாள். "இதுக்கா இவ்வளவு? என்னோடதை வச்சுக்கோ. ஒரே தட்டுல சாப்பிடறோம், இதுல என்ன வந்துச்சு" என்று கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டாள். வேறென்ன, அவள் குதிரையின் பெயர்தான்.

உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் முகம் சுளித்தாலும் சொல்.

உன் தங்கை,
சாய்ரா


அத்-பாஷி
2 நவம்பர் 2003

என் செல்லத் தங்கை சாய்ராவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் விருந்தாளிகள். வாசலோரம் என் இடத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டே மடியில் வைத்துப் படித்தேன். நாங்கள் எல்லோரும் நலம். நான்கு பசு, ஒரு கன்று, அத்தானுக்குக் கொஞ்சம் இருமல். உன் நெஞ்சுச்சளி குறைந்ததா? ஜோல்தோஷிடம் உருக்கிய வெண்ணெய் கொடுத்திருக்கிறேன், பாலில் போட்டுக் குடி.

நம் சின்னவள் நன்றாகப் படிக்கிறாளா? இந்த வீட்டார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று நான்கு வருடமாகப் பழகிவிட்டேன். கடிதத்தில்கூடக் கை வரமாட்டேன் என்கிறது.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அவளைக் கால்நடை மருத்துவம் படிக்க அனுப்பச் சொல்லி அத்தையிடம் மன்றாடியது நான். "பட்டணம் போற பொண்ணு திரும்பி வரமாட்டா, வந்தாலும் பழையபடி வரமாட்டா. ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன். அவளுக்கு ஒன்று என்றால் இந்த வீட்டில் உருளப்போவது என் தலைதான். கொஞ்சம் பார்த்துக்கொள்.

இரண்டாம் வருடக் கணிதத்தில் இப்போது என்ன நடத்துகிறார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன் அக்கா,
அனார்


பிஷ்கெக்
17 பிப்ரவரி 2004, பகல் ஒன்றரை மணி

அக்கா,

சுயுன்ச்சு, சுயுன்ச்சு. நல்ல சேதியை முதலில் கொண்டுவந்தவள் நான், பரிசை எடுத்து வைக்கச் சொல்.

கெரெஸுக்கு ஜெர்மனியில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. செலவு முழுக்க அவர்களுடையது. நூற்று நாற்பது பேரில் இரண்டு பேரைத்தான் எடுத்திருக்கிறார்கள். என் பெயரை இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை, இப்போதுதான் அவள் பெட்டியில் பார்த்தேன். அவள் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கே இன்னும் தெரியாது. ஜோல்தோஷ் வண்டி இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதே. வேறு யார் மூலமாகவாவது உன் மாமியாருக்குத் தெரிந்துவிடப் போகிறது. நீ போய்ச் சொல், உன் வாயால் சொல்.

நலம் விசாரிக்க நேரம் இல்லை. எல்லோரும் நலமாகத்தான் இருக்க வேண்டும்.

சாய்ரா


பிஷ்கெக்
18 பிப்ரவரி 2004

அக்கா,

நேற்று எழுதியதை மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். உனக்கு முதலில் சேதி அனுப்பும் அவசரத்தில், கெரெஸின் பெட்டியைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடிவிட்டேன். தேர்வு முடிந்து வந்தவள் வேறொரு கணினியில் உட்கார்ந்து தன் பெயரை அடித்தாள். ஒரே பெயர், இரண்டு கணினி. உடனே பூட்டிக்கொண்டது. அவள் அந்தக் கடிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. இடம் வேண்டுமென்றால் மூன்று நாளுக்குள் அதே பெட்டியிலிருந்து 'சம்மதம்' என்று பதில் போட வேண்டும். அதில் ஒரு நாள் போய்விட்டது.

நான் சொன்னதும் கெரெஸ் திட்டவில்லை. சூப்புத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். திட்டியிருந்தால் தேவலை.

இன்று பாக் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "கடவுச்சொல்லை நீ குடுத்தியா, அவளா எடுத்தாளா?" என்று கெரெஸைக் கேட்டார். கொடுத்திருந்தால் இருவருக்கும் பத்து நாள் பூட்டு. கேட்காமல் எடுத்திருந்தால், பறிகொடுத்தவளுக்கு உடனே திறந்துவிடுவார். எடுத்தவளுக்கு இணையமும் கிடையாது, பருவம் முடியும்வரை விடுதிக் கட்டிலும் கிடையாது. அவசரம் என்று ஜெர்மனி விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "நாலாவதைப் படிங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார். "நாளைக்குக் காலையில வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

இந்த இடம் போனால் அவர்கள் உன்னைத்தான் கேட்பார்கள். என் அவசரத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சாய்ரா


அத்-பாஷி
22 பிப்ரவரி 2004

என் தங்கமே சாய்ரா,

தோலோன் கணவாயைப் பனி மூடுவதற்குள் ஜோல்தோஷ் கடைசி வண்டியாக வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். சுகமாக இரு, நூறு வருடம் இரு. கணவாய் திறந்ததும் முதல் வண்டியில் இது உனக்கு வரும்.

மாவு பிசைந்த கையோடு போய் அத்தையிடம் சொன்னேன். அவர்கள் முதலில் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் கடிதத்தைத் தாங்களே மூன்று தடவை படித்தார்கள். பிறகு பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக்கு வந்த வெள்ளைச் சால்வையை எடுத்து, "இது உன் தங்கச்சிக்கு" என்றார்கள். ஆடு அறுத்தார்கள். ஊரே வந்தது. நான் வழக்கம்போல் வாசலோரம் உட்காரப் போனேன். "இன்னிக்கு அங்க வேணாம், மேல வா" என்று எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, பெரியவர்கள் உட்காரும் தலைப்பக்கத்தில் உட்கார வைத்து, தன் கையால் எனக்குத் தேநீர் ஊற்றினார்கள். எனக்கு அதைக் குடிக்கவே வரவில்லை. அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நேற்றும் மேலேதான் உட்கார்ந்தேன். இன்றும்.

உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? நீ ஓடிய ஓட்டத்தால் எனக்கு இந்த வீடு கிடைத்தது.

உன் அக்கா,
அனார்


பிஷ்கெக்
1 மார்ச் 2004

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் கடிதமும் சால்வையும் நேற்று வந்தன. சால்வை அவ்வளவு மென்மை, போர்த்திக்கொள்ளவே பயமாக இருக்கிறது, பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன்.

கவலைப்படாதே. எல்லாம் சரியாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே கெரெஸின் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். 'சம்மதம்' போய்விட்டது, பதிலும் வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி நான் எழுதிய ஒரு கடிதம் பனியில் எங்கோ மாட்டியிருக்கும். வந்தால் அடுப்பில் போட்டுவிடு.

இனிமேல் இந்தக் கடிதத்தில் உள்ள முகவரிக்கு எழுது. செங்கல் சூளைப் பக்கம், ரோசா அக்கா என்பவர் வீடு. விடுதியில் சத்தம் அதிகம், இங்கே நிம்மதியாகப் படிக்கலாம். வகுப்புக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், அவ்வளவுதான்.

மேலேயே உட்கார், அக்கா. இறங்காதே.

சாய்ரா


அத்-பாஷி
14 மார்ச் 2004

அன்புள்ள சாய்ராவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு பேருந்து மாறிப் போகிறவள் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா?

உன் இரண்டு கடிதங்களும் ஒரே வண்டியில் வந்தன. ஜோல்தோஷ் கொடுத்த வரிசையில், மார்ச் கடிதத்தை முதலிலும் பிப்ரவரிக் கடிதத்தைப் பிறகும் படித்தேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என்ன கெட்டுப்போயிருந்தது என்று தெரிந்தது.

பாக் கேட்ட கேள்விக்கு யார் என்ன பதில் சொன்னீர்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. சத்தம் பொறுக்காமல் நீ வீடு மாறினாய் என்பதை நம்பத்தான் பார்க்கிறேன். சின்ன வயதில் ஆட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவள் நீ.

கடிதத்தை அடுப்பில் போட மனம் வரவில்லை. மாவுப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கணிதப் புத்தகத்தில் இப்போது எத்தனையாவது பாடம்?

அனார்


பிஷ்கெக், மாணவியர் விடுதி
20 ஏப்ரல் 2004

மதிப்பிற்குரிய அண்ணிக்கு கெரெஸ் எழுதுவது,

அண்ணனும் அம்மாவும் நீங்களும் நலம்தானே. எனக்கு நேற்று ஜெர்மனி போக அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு வரும் வழியில் அழுதேன். சந்தோஷத்தில் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

இரண்டு மாதமாக மறைத்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை பாக் அறையில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சாய்ரா பேசிவிட்டாள். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். இவ அடிக்கும்போது பின்னால நின்னு விரல் போறதைப் பாத்து நான் திருடிக்கிட்டேன்" என்றாள். பாக் என்னைப் பார்த்து, "அப்படியா?" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தக் கடவுச்சொல்லை அக்டோபரிலேயே என் வாயால் கொடுத்தவள் நான். அவள் என்னிடம் கேட்கக்கூட இல்லை. ஒரு தலையாட்டலுக்கு எனக்கு ஒரு வருடப் படிப்பு கிடைத்தது, அவளுக்குக் கட்டில் போயிற்று. இப்போது அறையில் விட்டுப்போன புத்தகங்களை எடுக்க என்னிடம்தான் வருகிறாள். ஒரு நாளும் முகம் கோணவில்லை. "உனக்காக ஒண்ணும் செய்யலடி, எங்க அக்கா மேல உக்காரணும்" என்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியும் என்கிறாள்.

அனுமதிச் சீட்டு கைக்கு வரும்வரை பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குப் பெரிய வெட்கம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

உங்கள் நாத்தனார்,
கெரெஸ்


அத்-பாஷி
24 ஏப்ரல் 2004

சாய்ரா,

நலமாக இருக்கிறாயா? இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அத்தை அங்கே வந்திருப்பார்கள். எச்சரிக்கத்தான் எழுதுகிறேன், பிந்திவிடும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சின்னவள் எனக்கு எழுதியதை ஜோல்தோஷிடமிருந்து அத்தை வாங்கிவிட்டார்கள். மகள் கையெழுத்து, பிரித்துவிட்டார்கள். அடுப்புப் பக்கத்தில் நின்றபடி கடைசி வரி வரைக்கும் உரக்கப் படித்தார்கள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். முடித்ததும் மடித்தார்கள். "உனக்கு இது முன்னமே தெரியுமா?" என்றார்கள். "பாதி தெரியும்" என்று மாவுப் பானைக்கு அடியிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதையும் படித்தார்கள். காலையில் பார்த்தால் காலணி மாட்டிக்கொண்டு வண்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இன்று வாசலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான்.

பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாளை இந்த வீட்டில் எனக்கு எது நடந்தாலும், எனக்காக ஒருத்தி தன் கட்டிலை விட்டுவிட்டு நகரத்தின் அந்தக் கோடியில் போய் இருந்தாள் என்பது போகாது. நன்றி என்ற சொல் போதவில்லை, இருந்தாலும் அதைத்தான் எழுதுகிறேன். நன்றி, சாய்ரா.

அனார்


பிஷ்கெக், மாணவியர் விடுதி
29 ஏப்ரல் 2004

அன்பு அக்கா,

மேலே முகவரியைப் பார். திரும்பி வந்துவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. கெரெஸின் குறட்டையும் அப்படியே இருக்கிறது.

ஜோல்தோஷிடம் வழி கேட்டு உன் மாமியார் ரோசா அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு உயிர் இல்லை. "கிளம்பு" என்றார். கெரெஸையும் கூட்டிக்கொண்டு நேரே பாக் அறைக்குப் போனோம். மாடிப்படியில் கெரெஸ், "அம்மா, இப்போ சொன்னா ஜெர்மனி போயிடுமோ" என்றாள். "போனா போகட்டும். அடுத்தவ கட்டில்ல ஏறி நின்னுக்கிட்டு எட்டிப் பறிச்சது நமக்கு வேணாம்" என்றார்.

பாக்கிடம் கெரெஸ் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் மாறவில்லை. "தெரியும்மா. விரலைப் பாத்துத் திருடினவ அக்டோபர்லேருந்து நூறு தடவை ஒரு எழுத்துத் தப்பில்லாம அடிச்சிருக்கா. பட்டியல் என்கிட்டதான் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னீங்க. நான் எழுதிக்கத்தானே முடியும்" என்றார்.

உன் மாமியார் சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளின் முன்னால் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டையும் விரல் வைத்துப் படித்தார். கூட்டுப் பண்ணையில் முப்பது வருடம் ஆட்டுப் பதிவேடு எழுதியவர் இல்லையா. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், பாக்கும் எழுந்து நின்றார்.

"பொய் சொன்னா என்ன தண்டனைன்னு இதுல இல்லையே."

"எழுத விட்டுப்போச்சும்மா."

"பதிமூணாவதா எழுதிக்குங்க. ஆனா புதுசா எழுதினது பழசுக்குச் செல்லாது. நாலாவதுக்கு என்னவோ அதை மட்டும் குடுங்க."

பாக் பேனாவை எடுத்தார். "இந்த விடுதியில இதை முழுசாப் படிச்ச மொத ஆள் நீங்கதான்" என்றார். பழைய பதிவை அடித்துவிட்டு, கொடுத்தவளுக்குப் பத்து நாள், வாங்கியவளுக்குப் பத்து நாள் என்று எழுதினார். கட்டில் எனக்கே. ஜெர்மனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

இறங்கும்போது, "அனார் எந்த அறையில இருந்தா?" என்று உன் மாமியார் கேட்டார். உன் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. முதல் மாடியில் கதவைக் காட்டினேன். "ஊர்லேருந்து உனக்கு என்ன எழுதுவா?" என்றார். "கணக்குல எத்தனாவது பாடம்னு கேப்பா" என்றேன். "எப்பவுமா?" என்றார். எப்போதும் என்றேன். உன்னைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அவர் மனதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. உடனே எழுது.

சாய்ரா


அத்-பாஷி
15 ஜூன் 2004

சாய்ரா மகளுக்கு உன் அக்காவின் மாமியார் உல்கான் எழுதுவது,

நலமாக இரு. இங்கே எல்லோரும் நலம். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆட்டுக் கணக்குதான் எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்று உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். என் மகளுக்கு நீ செய்ததற்கு நன்றி. பொய் சொன்னது தப்பு. இரண்டும் உண்மை.

உன் அக்காவை என்ன செய்தேன் என்று பயந்துகொண்டிருப்பாய். ஒன்றும் செய்யவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். நேற்று பதில் வந்தது. அனார் எழுதிய முதல் வருடத் தேர்வெல்லாம் செல்லுமாம். விட்ட இடத்திலிருந்து கணிதம் தொடரலாமாம். கெரெஸ் போனால் அவள் கட்டில் செப்டம்பரில் காலி. கல்யாணமானவள் விடுதியில் தங்கக் கூடாது என்று அந்தப் பன்னிரண்டில் எங்கேயும் இல்லை, அன்றே பார்த்துவிட்டேன். மிர்பெக்கிடம் பேசினேன். "அவளா கேக்கட்டும்னு நாலு வருஷமாக் காத்திட்டிருந்தேம்மா" என்கிறான். அவன் ஒரு மடையன். அவள் எப்படிக் கேட்பாள், நான் உட்கார்ந்திருக்கும் வீட்டில்.

அவளுக்குத் தனியாக ஒரு பெயர் வாங்கிக் கொடு. உன்னுடையதைக் கொடுத்துத் தொலைக்காதே.

பட்டணம் போனவள் திரும்புவாளா என்று ஊரில் இப்போது என்னைக் கேட்கிறார்கள். திரும்பினால் திரும்பட்டும். இல்லாவிட்டால் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது அவள் வெளியே பால் கறந்துகொண்டிருக்கிறாள். ஜன்னல் வழியாகத் தெரிகிறாள். காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லப் போனேன். முதல் தடவை வாளி கழுவினாயா என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை உப்பு எங்கே என்று கேட்டேன். நான்கு வருடத்தில் அவளிடம் நல்லதாக எதையும் சொல்லிப் பழகவில்லை. எனக்கு வாய் வரவில்லை, மகளே. நீயே அவளுக்கு எழுதிவிடு. அடுத்த வண்டியிலேயே அனுப்பு.

உல்கான்